பல்லக்காவின் ஆலாக்கள்

“அப்போ இதுக்கும் பல்லு வச்சிடுவீங்களா?”

“ஆலாவுக்கு ஏது பல்லு?”

“உங்க கையில கிடைச்சா முளைச்சிடும் அண்ணி. நீங்க விட்டுடுவீங்களா என்ன.”

“வாயை மூடிட்டு அந்தக் கிண்ணத்தைப் பிடி. ஆட்டாம பிடிக்கணும். குமிழி விழுந்தா அலகு ஓட்டையாயிடும்.”

கிண்ணத்தில் இருந்தது பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. தண்ணீர் சேர்த்துக் கலக்கியதும் தயிர் போல் இளகி, கவனம் சிதறினால் கல்லாகிவிடும். அதை ரப்பர் அச்சுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தவளை அந்தத் தெருவில் எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நகரத்துப் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவள் தொழில். கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் கணவனின் தங்கை, அவளுடைய நாத்தனார். கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் மாடிக்கு வந்து அண்ணியை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குப் பொழுது நகராது.

மாடி அறை குறுகலானது. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, பல் தேய்க்கும் மோட்டார், மாவை அதிரவைத்துக் குமிழி போக்கும் தட்டு. எதிர்ச் சுவர் முழுக்க அலமாரி. அதில் வரிசை வரிசையாக மாவில் வார்த்த தாடைகள். நகரத்தில் பாதிப் பேரின் வாய் அங்கே திறந்தபடி இருந்தது. யார் இரவில் பல்லைக் கடிப்பவர், யார் ஒரு பக்கமாகவே மெல்லுபவர் என்பதெல்லாம் பல்லக்காவுக்கு அத்துப்படி. அந்த வசந்தத்தில் தாடைகளைத் தள்ளி வைத்து இடம் பிடித்திருந்தன வெள்ளைப் பறவைகள். ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே உயரம், ஒரே நிமிர்வு.

அவள் செய்துகொண்டிருந்தது சின்ன ஆலா. மீன்பிடித்துத் தின்னும் கடற்பறவை; உள்ளங்கையில் அடங்குவதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கறுப்புத் தொப்பி, வெள்ளை நெற்றி, நுனி கறுத்த மஞ்சள் அலகு. மரமோ புதரோ அதற்கு வேண்டாம். வெட்டவெளிச் சரளைக்கல்லில் ஒரு குழி பறித்து முட்டை வைத்துவிடும். முட்டையும் கல்லைப்போலவே இருக்கும். மிதிப்பவன் மிதித்த பிறகுதான் அது முட்டை என்றே தெரியும்.

போன வசந்தத்தில் அப்படித்தான் ஆனது. காலை ஓட்டக்காரர்கள், பந்து விளையாடுபவர்கள், கயிறில்லாத நாய்கள் என்று கடற்கரை திருவிழாக் கூட்டமாக இருந்தது. பல்லக்கா கைகளை விரித்துக்கொண்டு முட்டைகளுக்கு முன்னால் நின்று பார்த்தாள். ஒரு பக்கம் மறித்தால் இன்னொரு பக்கம் நாய் வந்தது. கோடை பிறந்தபோது ஒரு குஞ்சுகூட மிச்சமில்லை. அவள் அழவில்லை. அழுவது அவள் வழக்கம் இல்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தக் கடற்கரையிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வருடத்துக்கு வழி தானாக வந்தது. துறைமுகத்தார் படகு வழியை ஆழப்படுத்தி, அள்ளிய சரளையையும் சிப்பியையும் கழிமுகத்தின் நடுவே கொட்டினார்கள். நீர் எவ்வளவு ஏறினாலும் மூழ்காத ஒரு மேடு உண்டாகிவிட்டது. சுற்றிலும் சேறும் தண்ணீரும். நாய் போகாது, பந்து போகாது. ஆலாவுக்காகவே கட்டிக்கொடுத்த வீடு மாதிரி இருந்தது. ஒரே குறை, ஆலாக்களுக்கு அது தெரியாது.

“இடம் நல்லா இருந்தா வந்து உட்கார வேண்டியதுதானே. அதுக்கு எதுக்குப் பொம்மை?” என்றாள் நாத்தனார்.

“ஆலா தனியா குடி போகாது. ஏற்கெனவே நாலு பேர் உட்கார்ந்திருந்தாத்தான் அஞ்சாவதா இறங்கும். நீ கடை திறந்தப்போ என்ன பண்ணினே?”

நாத்தனார் சிரித்துவிட்டாள். கடை திறந்த புதிதில் தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியே காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தாள். பேருந்து ஓட்டிவிட்டு வருகிற மனிதர், சீருடையோடு நாற்காலியில் சாய்ந்தால் தூங்கிவிடுவார். சும்மா உட்கார்ந்தால் நம்ப மாட்டார்கள் என்று தினமும் கொஞ்சம் வெட்டினாள். கூட்டம் சேரத் தொடங்கியபோது அவர் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை.

“எங்க அண்ணன் மொட்டையானது ஒரு நல்ல காரியத்துக்கு.”

“அதே நல்ல காரியம்தான் இதுவும். அங்கே உங்க அண்ணன். இங்கே மாவு.”

“ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை அண்ணி.”

மேசைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது. சின்ன ஆலா ஒன்று, கழுத்தை முழுக்க நிமிர்த்தி, நேராகக் கேமராவுக்குள் பார்த்தபடி. தொப்பியின் ஒவ்வொரு இறகும் தெரியும். அச்சு செய்ய அவள் அதைத்தான் பார்த்துச் செதுக்கியிருந்தாள்.

“கண்ணைப் பாரு. எவ்வளவு கம்பீரம்.”

“யாரைப் பார்க்குது?”

“என்னைத்தான்,” என்றாள் பல்லக்கா. குரலில் பெருமை வழிந்தது.

அலமாரியின் மேல்தட்டில், மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலகி, துறைமுக அதிகாரியின் கீழ்த்தாடை வீற்றிருந்தது. அந்தச் சரளையின் உடைமைக்காரர் அவர்தான். புதிதாகக் கட்டும் படகுத்துறையின் அடித்தளத்துக்கு அது வேண்டும். முன்பல்லின் நிறம் ஒப்பிட அவர் மாடிக்கு வந்தபோது பல்லக்கா நல்ல வாய்ப்பை விடவில்லை. ஒரு கையால் அவர் உதட்டை இழுத்துப் பிடித்து, மறு கையால் மாதிரிப் பல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆலாவைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தாள். அந்த நிலையில் எந்த அதிகாரியாலும் குறுக்கே பேச முடியாது.

உதடு விடுபட்டதும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். நிதானமான மனிதர். யோசிக்கும்போது நாக்கால் பொய்ப்பல் தட்டை இலேசாக மேலே தள்ளி இறக்குவார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும்.

“முட்டை இருந்தா ஒரு கல்லைக்கூடத் தொட மாட்டேன்மா. அது சட்டம். ஆனா காலி மேட்டைக் காட்டி, பறவை வரப்போகுது, விட்டு வைங்கன்னு மேலிடத்துல போய்ச் சொன்னேன்னா சிரிப்பாங்க. வசந்தம் முடியறப்போ இயந்திரம் வந்துடும். அதுக்குள்ள உங்க பறவையை வரச் சொல்லுங்க.”

“வரச் சொல்றேன் சார்,” என்றாள் அவள், ஊரிலிருக்கும் சித்தி மகளுக்குத் தகவல் அனுப்பப் போகிறவளைப்போல.

*

நீர் வற்றிய ஒரு காலையில் மூவரும் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். பல்லக்கா முன்னால், கூடை சுமந்தபடி கணவர் நடுவில், ஒவ்வொரு அடிக்கும் ஒரு புலம்பலோடு நாத்தனார் பின்னால்.

“பஸ்ஸுல ஏத்திட்டு வந்திருக்கலாம்,” என்றார் கணவர்.

“இறங்கற இடம் வந்ததும் சொல்லுங்க அண்ணா, தூங்கிடப் போறேன்.”

மேட்டில் பறவைகளை நிற்க வைத்தபோது பல்லக்காவுக்கு நெஞ்சு விம்மியது. மழைக்குக் கரையாதபடி ஒவ்வொன்றுக்கும் பொய் ஈறுக்குப் பூசும் பூச்சுப் பூசியிருந்தாள். முதுகின் சாம்பலும் நெற்றியின் வெள்ளையும் பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எடுத்தவை. கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தால் உயிரோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. வெயிலில் கருவிழிகள் மின்னின.

“பிரமாதம்,” என்றார் கணவர். அவருக்குப் பறவைகளில் இரண்டே ஜாதிதான் தெரியும், வெள்ளைப் பறவையும் பழுப்புப் பறவையும். “வெள்ளைப் பறவை அச்சு அசலா வந்திருக்கு.”

கரையில் மரக்கொட்டகை ஒன்று உண்டு, பறவை பார்க்கிறவர்களுக்கென்று கட்டியது. நீளவாக்கில் ஒரு வெட்டு ஜன்னல், ஒரு பெஞ்சு, காற்றுக்கு ஆடும் கதவு. தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தி வைத்துக்கொண்டு பல்லக்கா அங்கே குடியேறிவிட்டாள். காலையில் வந்து பார்ப்பாள், வேலைக்குப் போவாள், சாயங்காலம் மீண்டும் வருவாள். பையில் எப்போதும் ஒரு பல் செட் இருக்கும், தேய்க்க வேண்டியது.

அப்போது வலசையின் உச்சம். தெற்கேயிருந்து வடக்கே போகும் கரைப்பறவைகள் அலையலையாக வந்து கழிமுகத்தில் இறங்கின. நீண்ட அலகால் சேற்றைத் துழாவும் மூக்கன்கள். விளிம்பில் தையல் இயந்திர ஊசி போலக் குத்திக்குத்தி ஓடும் உள்ளான்கள். கூழாங்கல்லைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடும் கல்திருப்பிகள். அவற்றுக்கு இது வழியில் ஒரு சத்திரம், அவ்வளவுதான். தின்று, தூங்கி, கொழுத்து, ஒரு நல்ல காற்று பார்த்து மறுபடி கிளம்பிவிடும். எந்தக் கடலைத் தாண்டி வந்தன, இனி எந்தப் பனிக்காட்டுக்குப் போகும் என்று நினைத்தால் பல்லக்காவுக்குக் கையிலிருக்கும் பல் மறந்துபோகும். தன் ஊர் ஒரு பெரிய பாதையின் ஓரத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமான சந்தோஷம்.

நீர் ஏறிச் சேறு மறைந்ததும் இந்தப் பயணிகள் எல்லாம் வழக்கமாகச் சரளை மேட்டுக்குத்தான் போய் ஒண்டும். ஒற்றைக் காலில் நின்று தூங்கும். பொம்மைகளை வைத்த பிறகு வந்த முதல் நீரேற்றத்தில் கல்திருப்பிகள் மேட்டை நோக்கிப் பறந்தன, மேலே போனதும் சடாரென்று திரும்பின. இன்னொரு சுற்றுச் சுற்றின. இறங்கவே இல்லை. தூரத்துப் படகுத்துறைச் சுவரில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“புதுசு. பழகிடும்,” என்றாள் பல்லக்கா, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவரிடம்.

ஆலாக்கள் வந்தன. ‘கிரிக் கிரிக்’ என்று கத்தியபடி மேட்டின் மேல் அந்தரத்தில் நின்றன, சிறகு படபடக்க. ஒன்று கொஞ்சம் தாழ்ந்தது. பொம்மைகளைப் பார்த்தது. விசுக்கென்று மேலேறி, மற்றவற்றையும் அழைத்துக்கொண்டு போய்விட்டது.

“காற்று சரியில்லை.”

மறுநாள் காற்றே இல்லை. அன்றும் போய்விட்டன.

“வல்லூறு ஏதாவது சுத்துது போல.”

வல்லூறும் இல்லை. அவள் கலங்கவில்லை. கூட்டம் போதவில்லை என்று முடிவுகட்டி, அதே அச்சில் இன்னொரு கூடைப் பறவைகளை வார்த்து எடுத்துப் போய் வைத்தாள். மேட்டில் இப்போது ஒரு சபையே கூடியிருந்தது. ஆலாக்கள் முன்பைவிட உயரத்திலேயே திரும்பிவிட்டன. பிறகு மேட்டுப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டன.

ஒருநாள் காலை கடற்கரை ஓரமாகக் கொட்டகைக்கு வந்தவள், கால் வைக்க இருந்த இடத்தில் சட்டென்று நின்றாள். சரளையில் புதிதாகக் கிளறிய ஒரு சின்னக் குழி. சற்றுத் தள்ளி இன்னொன்று. ஆலாக்கள் பழைய இடத்திலேயே வீடு பார்க்கத் தொடங்கிவிட்டன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாய் பந்தைத் துரத்திக்கொண்டு இரண்டு குழிகளுக்கும் நடுவே பாய்ந்து போனது.

அன்று சாயங்காலம் துறைமுக அதிகாரி தொலைபேசியில் பேசினார். இயந்திரம் கிளம்பிவிட்டதாம். வெள்ளிக்கிழமை மேட்டுக்கு வந்துவிடும். அதற்கு முந்தின நாள் தானே வந்து ஒரு பார்வை பார்த்துவிடுவதாகச் சொன்னார். “ஏதாவது முன்னேற்றம் உண்டாம்மா?”

“வாங்க சார். உங்களுக்கு நல்லதாவே காட்டறேன்,” என்றாள் பல்லக்கா. தொலைபேசியை வைத்த பிறகு அலமாரியிலிருந்த அவர் தாடையை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரை வலுக்கட்டாயமாகக் கொட்டகைக்கு இழுத்து வந்தது துணைக்குத்தான், யோசனை கேட்க அல்ல. கடைக்கு விடுமுறை. அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, தேநீர்க் குடுவையைத் திறந்து, அது ஆறிவிட்டதென்று குறைப்பட்டு, பிறகு வேறு வேலையில்லாமல் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

பொம்மை பொம்மையாக நகர்த்திப் பார்த்தாள். அதுவே அதிசயம்.

“அண்ணி, இவங்க யாரைப் பார்த்துப் பயந்து போயிருக்காங்க?”

“யாரு?”

“உங்க பொம்மைங்கதான். எல்லாருக்கும் கழுத்து கிளம்பி நிக்குது.”

“அது கம்பீரம்.”

“என்ன கம்பீரம்? தினமும் கழுத்தோட குடும்பம் நடத்தறவ நான். வந்து உட்கார்ந்ததும் எல்லாருக்கும் கழுத்து இப்படித்தான் இருக்கும், மொடமொடன்னு. தலையில தண்ணி ஊத்தி நாலு தேய் தேய்ச்சா உள்ள போயிடும். தாடை நெஞ்சுல வந்து உட்காரும். நல்லா இருக்கிற மனுஷிக்குக் கழுத்தே இருக்காது. நடுவுல ஒருத்தி மட்டும் திடீர்னு கழுத்தை நீட்டினா என்ன அர்த்தம்? வாசல்ல மாமியார் போறாங்கன்னு அர்த்தம். அப்புறம் பக்கத்து நாற்காலியும் நீட்டும். ஒருத்திக்கும் இருப்பு கொள்ளாது.” அவள் கண்ணை எடுக்காமலே சொன்னாள். “இங்க பாருங்க, மொத்தக் கடையும் நீட்டிக்கிட்டு இருக்கு. இந்தக் கடைக்குள்ள நானே நுழைய மாட்டேன்.”

பல்லக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். நல்ல பதிலாக ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அந்தப் புகைப்படம் நினைவுக்கு வந்தது. அதை எடுத்த காலை.

சரளையில் வயிற்றால் ஊர்ந்து போயிருந்தாள். முழங்கை சிராய்ந்தது, வாய்க்குள் மணல். அந்த ஆலா தூங்கிக்கொண்டிருந்தது. தலை தோள்களுக்குள் அமிழ்ந்து, வெறும் வெள்ளை உருண்டையாக. அந்த நிலையில் அது படத்துக்கு ஆகாது என்று அவள் காத்திருந்தாள். பிறகு அவள் பையிலிருந்து ஏதோ நழுவிக் கல்லில் விழுந்து சத்தம் போட்டது. உருண்டைக்குள்ளிருந்து கழுத்து எழுந்தது. கண் அவளைக் கண்டது. அவள் பொத்தானை அழுத்தினாள். அடுத்த நொடி அங்கே பறவை இல்லை.

அவள் பார்த்து மகிழ்ந்ததெல்லாம் அந்த ஒரு கணத்தின் முகம். ஆபத்து வந்துவிட்டது என்று ஒரு பறவை சொல்வது. அதைச் செதுக்கி, அச்சு எடுத்து, கூடை கூடையாக வார்த்து, கழிமுகத்தின் நடுவே கொண்டுபோய் நட்டு வைத்திருக்கிறாள். வராதே, வராதே, வராதே என்று.

“அண்ணி? என்ன ஆச்சு?”

பல்லக்கா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு பெஞ்சு குலுங்கும்படி. கண்ணில் தண்ணீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்புத்தானா என்று நாத்தனாருக்குச் சந்தேகமாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

“அந்த வாசல்ல போற மாமியார் நான்தான்டி,” என்றாள் பல்லக்கா. “எழுந்திரு. தண்ணி இன்னும் ஏறலை. எல்லாத்தையும் பொறுக்கிட்டு வந்துடலாம்.”

“இன்னிக்கு எனக்கு லீவு.”

“உனக்கு நாளைக்கும் லீவுதான்.”

*

மாடி அறையில் தாடைகள் எல்லாம் தரைக்கு இறங்கின. மேசை முழுக்க ஆலாக்கள். தாடை மாதிரிகளைப் பிரிக்கும் மெல்லிய ரம்பத்தால் பல்லக்கா ஒவ்வொன்றின் தலையையும் அறுத்தாள். இத்தனை நாள் உழைப்பாயிற்றே என்று நாத்தனார்தான் ‘ஐயோ’ போட்டாள்.

“தப்பான பல்லைக் கழட்டித்தான் ஆகணும். வாய்ல வச்சு அழுத்தினா சரியாயிடுமா?”

எப்படித் திரும்ப ஒட்டுவது என்பதில்தான் சிக்கல். தூங்கும் ஆலாவின் படம் அவளிடம் ஒன்றுகூட இல்லை. பழைய படங்களைக் கணினியில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே கழுத்தை நீட்டி அவளையே பார்த்தன. நிம்மதியாக இருந்த பறவை ஒன்றைக்கூட அவள் படமெடுக்கத் தகுந்ததாக நினைத்ததில்லை. அது மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது.

“கீழே வாங்க,” என்றாள் நாத்தனார்.

கீழே, வேலை முடிந்து வந்த பேருந்து ஓட்டுநர் வழக்கமான நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை தோள்களுக்குள் இறங்கி, முகவாய் நெஞ்சில் பதிந்து, ஒரு பக்கமாக இலேசாகச் சாய்ந்திருந்தது. கழுத்து என்று ஒன்று இருந்ததற்கான அறிகுறியே இல்லை.

“இதைவிட நிம்மதி உலகத்துல கிடையாது,” என்றாள் தங்கை.

பல்லக்கா ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதர், தூங்கும்போது காது ஒன்று கீழே இறங்கி இருப்பதை அன்றுதான் கவனித்தாள். சிலவற்றை அவரைப்போலவே நெஞ்சில் தலை அமிழ்த்தி ஒட்டினாள். சிலவற்றைத் தலையைப் பின்னால் திருப்பி முதுகுச் சிறகில் அலகு புதைந்தபடி. ஒன்றிரண்டை, அடுத்தவளிடம் ஏதோ புறம் பேசுவதுபோல் பக்கவாட்டில் சாய்த்து. அதற்கு மாதிரி எங்கிருந்து கிடைத்ததென்று நாத்தனாருக்குச் சொல்லவில்லை.

“என்ன பண்றீங்க?” என்று கண் திறந்தார் கணவர்.

“ஒண்ணுமில்லைங்க. தூங்குங்க. அப்படியே இருங்க.”

*

சேற்றில் மறுபடி நடை. மறுபடி புலம்பல். இந்த முறை பொம்மைகளைச் சபையாக நிறுத்தாமல், கூப்பிடாமலே வந்து உட்கார்ந்த விருந்தாளிகள்போல அங்கொன்று இங்கொன்றாக வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாக ஒன்றும் இல்லை. மதியத் தூக்கம் போடும் ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

அன்றைய நீரேற்றத்தில் கல்திருப்பிகள் வந்தன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று, தாழ்வாக. பிறகு ஒரு பிடி கூழாங்கல்லை வீசியதுபோல் மேட்டில் சொரிந்தன. கொஞ்சம் சண்டை, கொஞ்சம் இடம் பிடித்தல். ஒன்று மாவு ஆலாவின் காற்று மறைப்பில் போய் ஒண்டிக்கொண்டு, ஒரு காலை உள்ளே இழுத்து, கண்ணை மூடியது.

பல்லக்கா தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமல் பக்கத்திலிருந்த கையைப் பிடித்து இறுக்கினாள்.

“அண்ணி, வலிக்குது. அது ஆலா இல்லையே?”

“இல்லை. வழிப்போக்கன். ஆனா தூங்குதே.”

ஆலாக்கள் அன்று வரவில்லை. மறுநாளும் கடற்கரையிலேயே கத்திக்கொண்டு திரிந்தன. பல்லக்கா மாடி அறையைப் பூட்டிவிட்டு, பல் கேட்ட மருத்துவர்களிடம் எல்லாம் மாவு சரியில்லை என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். வருமா என்று யாராவது கேட்டால் வரும் என்றாள். தனியாக இருக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை துறைமுக அதிகாரி வந்தார். பளபளக்கும் காலணி, கையில் மடித்த குடை. தாழ்ந்த கதவில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தார். தூரத்தில், துறையோரம், மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று மிதவைமேல் ஏற்றப்பட்டுக் காத்திருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

“பல்லு எப்படி சார் இருக்கு?”

“குறை சொல்ல முடியாதும்மா. உங்க பறவை?”

“பாருங்க.”

அவர் தொலைநோக்கியில் குனிந்தார். “அடேயப்பா. இவ்வளவு இருக்கே.”

“அது நான் செஞ்சது சார்.”

“ஓ.” கொஞ்சம் ஏமாற்றம். “அந்தப் பழுப்பா இருக்கிறது?”

“அது நிஜம். வடக்கே போறது. இன்னும் ரெண்டு நாள்ல கிளம்பிடும்.”

“இங்கே முட்டை வைக்காதா?”

“வைக்காது.”

டக் என்றது பல் தட்டு. அவர் நிமிர இருந்தார். அவருக்கு இரக்கம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. மிதவைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையும் வாயில் தயாராக இருந்ததுதான் கஷ்டம்.

‘கிரிக்.’

“அசையாதீங்க சார்,” என்றாள் பல்லக்கா. “கண்ணை எடுக்காதீங்க. இடது பக்கம்.”

ஒரு ஆலா மேட்டின் மேல் அந்தரத்தில் நின்றது. அலகில் ஒரு மீன், வெள்ளிக் காசு போல மின்னியது. அது தாழ்ந்தது. தயங்கியது. இன்னும் தாழ்ந்தது. பிறகு சிறகை மடித்து, சரளையில் கால் பதித்து நின்றது. கல்திருப்பி ஒன்று கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஆலா இரண்டு மூன்று அடி நடந்தது. சிறகுகளைக் கொஞ்சம் தொங்கவிட்டு, மார்பை முன்னால் தள்ளி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப்போல விறைப்பாக, மாவுப் பறவை ஒன்றின் முன்னால் போய் நின்றது. தலை நெஞ்சில் அமிழ்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கும் பறவை. பேருந்து ஓட்டுநரைப் பார்த்து ஒட்டியது.

மீனை நீட்டியது.

“அது… அந்தப் பொம்மைக்கா கொடுக்குது?” என்றார் அதிகாரி. குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

“ஆமா சார். வீடு பார்த்தாச்சு. இப்போ துணை கேட்குது. இதைப் பார்த்தா மத்ததும் வரும்.”

“பொம்மை எப்படிம்மா வாங்கும்?”

“வாங்காது. ஆலா அசராது, பாருங்களேன்.”

ஆலா ஒரு கணம் பொறுத்தது. மீனை அலகில் சரிசெய்துகொண்டது. பொம்மையைச் சுற்றி மறுபக்கம் போய், இன்னும் பணிவாகத் தாழ்ந்து, மறுபடி நீட்டியது. மேலே எங்கோ இன்னொரு ‘கிரிக்’ கேட்டது. அதிகாரி தொலைநோக்கியை விடவில்லை. குடை கையிலிருந்து நழுவிப் பெஞ்சில் சாய்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பல் தட்டு நாக்கின் மேல் தூக்கியபடியே நின்றது.

பல்லக்கா அவர் தாடையைப் பக்கவாட்டில் பார்த்தாள். அவளுக்கு மனப்பாடமான தாடை. உதட்டை இழுத்துப் பிடிக்காமலே இந்த முறை கேட்டாள்.

“சார், முட்டை இன்னும் இல்லைதான். அந்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்புங்க. கோடை முடியறவரைக்கும் மேட்டை எங்ககிட்ட விட்டுடுங்க.”